படகை இழுக்க ஒரு வண்டி

பேருந்தில் பயணியாக உட்கார்ந்திருந்தாலும் கிளாராவின் வலது கால் சும்மா இருப்பதில்லை. முன்னால் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தால், ஓட்டுநர் பிரேக்கைத் தொடுவதற்குள் இவர் கால் தரைத் தகட்டை மிதித்து முடித்திருக்கும். ஆட்டோவிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போனால், பெஞ்சுக்கு அடியில் அந்தக் கால் மெல்ல அழுந்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

திண்டுக்கல்லில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த கால் அது. மேட்டுப்பட்டி போகும் சாலையில் டிரைவிங் ஸ்கூல். ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக், தன் பக்கம் ஒரு பிரேக் உள்ள வெள்ளைக் கார். சேலைக்கு மேலே வெயிலுக்கு ஒரு முழுக்கைச் சட்டை. செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார். கற்றுக்கொள்ள வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. பேச்செல்லாம் அந்த ஆளின் காலோடுதான். “கை பொய் சொல்லும் தம்பி. வாய் அம்புட்டுப் பொய்யும் சொல்லும். கால் மட்டும் உள்ளதைச் சொல்லிப்புடும்.”

டாஷ்போர்டின் மேல் எப்போதும் ஒரு சிறுமலை வாழைப்பழம் இருக்கும். பிரேக் போடும்போது அது உருண்டு விழுந்தால் அன்றைய பாடம் மறுபடி முதலிலிருந்து. விழாமல் நிறுத்திக் காட்டினால் பழம் ஓட்டினவருக்கு. நாற்பது தாண்டி அவரிடம் போய்ச் சேர்ந்த எனக்கு அந்தப் பழம் வாய்க்கு எட்டுவதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. “எடுத்துட்டுப் போறது பெரிசில்ல சார். எருமை மாடுகூட வண்டிய எடுத்துட்டுப் போயிரும். நிப்பாட்டணும். அதுக்குத்தான் மனுசன்” என்பார்.

இந்தக் கிளாராவின் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் ஒரு படகு நிற்கிறது. குளத்தில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் வாத்துப் படகு இல்லை. கடலில் வலை வீசப் போகிற, ஒரு வீட்டு நீளத்துக்கு இருக்கும் பைபர் படகு. கருவேல மரமும் காய்ந்த மண்ணும் சுற்றியிருக்க, நீல நிறத்தில் அது நிற்பதைப் பார்த்து, மேட்டுப்பட்டி பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கழுத்தைத் திருப்புவார்கள்.

தெற்கே தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கிய அந்த டிசம்பரில் தொடங்கியது இது. கிளாராவின் அக்கா இஞ்ஞாசியம்மாளும் அக்கா கணவர் சேவியரும் ஏரல் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டார்கள். சேவியர் வாழை விவசாயி. செய்தி கிடைத்ததும் கிளாரா எல் போர்டு மாட்டிய காரிலேயே ரொட்டியும் தண்ணீர் பாட்டில்களும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சாலை எந்த இடத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போனதோ, அந்த இடம்வரை போய் நின்றார்.

அங்கே ஒரு படகு இருந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் தாங்களாகவே ஒரு லாரியின் மேல் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஏற்றுவதற்கு அவர்கள் ஊரே கை கொடுத்தது. இறக்குவதற்கு இங்கே ஆள் இல்லை. வரவேண்டிய கிரேன் வழியில் நின்றுவிட்டது. லாரியைப் பின்னால் நகர்த்தித் தண்ணீருக்குள் இறக்கப் பார்த்தார்கள். சக்கரம் சேற்றில் புதைந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறியது. கல்லெறி தூரத்தில் வெள்ளம் ஓடிக்கொண்டிருக்க, படகு லாரியின் மேல் சும்மா கிடந்தது.

“படகே இல்லைன்னா மனசு ஆறிரும் சார். படகு இருந்துச்சு. அதைக் கையால தொட்டுக்கிட்டே நின்னேன்” என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

எப்படியோ ஆள் சேர்த்து இறக்கி, படகு அந்த மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது இஞ்ஞாசியம்மாள் கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவலி. முந்தின நாளே முடிந்துவிட்டிருந்தது.

அக்காவைத் திண்டுக்கல்லுக்கே கூட்டிவந்துவிட்டார் கிளாரா. துக்கம் கொஞ்சம் ஆறியதும், அன்றைக்குப் படகு ஓட்டிவந்த சூசையைத் தேடிக் கடற்கரைக்குப் போனார். அவரிடம் ஒரு பழைய படகு விலைக்கு இருந்தது. பெரியதாக வேண்டும் என்று கேட்டுத்தான் வாங்கினார். வெள்ளத்தின்போது அங்கே வந்துபோன ஒன்றிரண்டு சின்னப் படகுகள் பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு பெரியவர்களை விட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்திருந்தார்.

சூசைக்குப் புரியவில்லை. “திண்டுக்கல்லுல இத வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக?”

“நீங்க இருக்கிற எடத்துலதான் தண்ணி வருது. வந்தா ஒங்க படகும் சேந்து மாட்டிக்கிருது. எங்க ஊரு மேடு. எந்தப் பக்கம் தண்ணி வந்தாலும் எங்க ஊர்லருந்து அந்தப் பக்கம் ரோடு போகுது.”

“சரி, ஓட்ட ஆளு?”

“நீங்கதான். படகை நான் கொண்டாரேன். நீங்க பஸ்ஸைப் பிடிச்சு நேரா அங்க வந்துருங்க.”

இளஞ்செழியன் என்று ஒருவர், லாரி உரிமையாளர்கள் சங்கத்தில் தலைவர், வெள்ளை வேட்டி கசங்காத மனிதர். டீக்கடை முன்னால் நாலு பேர் கேட்கும்படி சொன்னார்: “குடிக்கிற தண்ணிக்கே குடத்தோட ரோட்டுல உக்காருற ஊரு இது. இங்க படகு வாங்கி நிறுத்தியிருக்காக. அடுத்து மேடம் கப்பல் வாங்குவாக.”

நாலு பேரும் சிரித்தார்கள். கிளாரா டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “தலைவரே, தீயணைப்பு வண்டி எரியிற வீட்டுக்குள்ளயா நிக்கிது?”

ஊர்ச் சிரிப்பைச் சமாளித்துவிட்டார். வீட்டுக்குள் இருந்ததுதான் கடினம். படகு நிற்கிற பக்கத்து ஜன்னலை இஞ்ஞாசியம்மாள் சாத்தி வைத்தார். சித்திரை வெயிலில் புழுங்கியபோதும் திறக்கவில்லை. “அத என் கண்ணுல காட்டாத புள்ள. அத வாங்கி வச்சா ஒங்க அத்தான் திரும்பி வந்துருவாகளா?”

“வரமாட்டாகக்கா. அடுத்த மாடியில நிக்கிறவுக வருவாக.”

ஜன்னல் அதற்கும் திறக்கவில்லை. கிளாராவின் கணவர் ஜெரோம், டிரைவிங் ஸ்கூல் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற சாதுவான மனிதர், இருவருக்கும் நடுவில் நல்ல பெரிய மின்விசிறி ஒன்றை வாங்கி மாட்டினார்.

படகைச் சுமக்க ஒரு டிரெய்லர் செய்தார்கள். பின்பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கினால் படகு தானாக மிதந்து விலகிவிடும். கிரேனும் வேண்டாம், ஊர்க்கையும் வேண்டாம். அதற்கு முறையாகப் பதிவெண்ணும் வாங்கியாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. இதை எந்த வண்டியில் மாட்டி இழுப்பது?

இதில் கிளாரா முதலில் தப்புத்தான் செய்தார். பிக்கப் வண்டி போதும் என்று முடிவு கட்டினார். ரவுண்டு ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் மோகன்குமார் வேண்டாம் என்றார். “ரோட்டுல இழுக்கும்க்கா. சந்தேகமே இல்ல. ஆனா சேத்துல பின்னாடி இறக்குனா, அது படகை இழுக்காது. படகு அத இழுத்துரும்.”

“ஓட்டுறது யாரு? நானு. எனக்கு நீ சொல்லித்தர்றியா?”

மோகன்குமார் ஸ்பானரை எடுத்துக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினார். தாடிக்கொம்புப் பக்கம் ஒரு குளத்தில், மழை பெய்து தண்ணீர் நின்ற சமயம், ஒத்திகை. கரையில் நானும் நின்றேன். தார்ச்சாலையில் பிக்கப் படகை இழுத்து வந்த அழகைப் பார்த்து எல்லாரும் கைதட்டினோம். கிளாராவே ஓட்டினார். பின்பக்கமாகக் குளத்துக்குள் இறக்கினார். டிரெய்லர் தண்ணீரைத் தொட்டது. அதோடு நிற்கவேண்டிய வண்டி நிற்கவில்லை. பிரேக்கைப் பிடித்தபடியே, நாலு சக்கரமும் அசையாமலே, சேற்றில் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. முன்னால் எடுக்கப் பார்த்தார். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை எங்கள் மேல் வாரி அடித்தது. கதவுவரை தண்ணீர் வந்தபிறகுதான் வண்டி ஓய்ந்தது. கிளாரா ஜன்னல் வழியாக இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் சேலையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

கரையில் நின்ற யாரோ படம் பிடித்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரெங்கும் பரவிவிட்டது. ‘டிரைவிங் ஸ்கூல் மேடம் குளத்தில் பார்க்கிங்’ என்று ஒருவன் எழுதிவிட்டான். அடுத்த வாரம் புதிதாகச் சேர இருந்தவர்கள் வரவில்லை. பாதியில் நின்றவர்களும் உண்டு. பொண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கச் சேர்த்துவிட்ட ஒரு தகப்பனார் நேரே வந்து, “தப்பா நினைக்காதீக” என்று சொல்லிவிட்டுக் கூட்டிப்போனார்.

கிளாரா ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டார். பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘இங்கு இலகுரக வாகனம் ஓட்டக் கற்றுத் தரப்படும்’ என்றிருந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதச் சொன்னார்: ‘தண்ணீரிலும்.’

அதை எழுதும்போது பெயிண்டர் சிரித்து, ‘லு’வின் சுழி கோணலாகிவிட்டது. இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது.

பிறகு நேரே மோகன்குமார் பட்டறைக்குப் போனார். “சொல்லு.”

“என்னக்கா சொல்ல?”

“நான் அன்னைக்கே சொன்னேன்னு சொல்லு.”

“நான் ஒண்ணும் சொல்லலக்கா.”

“நீ சொல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது. சொல்லித் தொலை.”

“நான் அன்னைக்கே சொன்னேன்க்கா.”

“ஆமா. சொன்ன. இப்ப அடுத்த வண்டியப் பாப்போம் வா.”

அன்று பிக்கப்பைக் குளத்திலிருந்து இழுத்துப் போட்டது, பக்கத்துத் தோட்டத்துப் பெருமாள்சாமியின் டிராக்டர். சேற்றைப் பொருட்படுத்தாமல் அது இழுத்த இழுப்பைப் பார்த்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றியது. பெருமாள்சாமியும் பெருந்தன்மையாக, “மழைக்காலம் முச்சூடும் ஒங்களுக்குத்தாம்மா, எடுத்துக்கங்க” என்றார். கிளாரா மாட்டிப் பார்த்தார். கரையில் ஏறியது, இறங்கியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்குவழிச் சாலையில் மதுரைப் பக்கம் திருப்பினார். லாரிகளும் பேருந்துகளும் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. ஒரு பெரியவர் மொபெட்டில் தாண்டிப் போனார். கிளாரா பெருமாள்சாமியிடமே திரும்பி வந்தார். “அண்ணே, வண்டி தங்கம். ஆனா இதுல கொடைரோடு போறதுக்குள்ள எனக்கு மிச்சத் தலையும் நரைச்சிரும். மாடியில நிக்கிறவுக அம்புட்டு நேரம் நிக்க மாட்டாக” என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

இதற்குள் ஊரில் ஒரு மாற்றம். குளத்துக்குள் போன படத்தைப் பார்த்தவர்களில் கொஞ்சம் பேர், அந்த அம்மா எதற்காகப் படகு வாங்கினார் என்றும் விசாரித்தார்கள். ஏரல் கதை வெளியே வந்தது. சிரித்த வாய்கள் கொஞ்சம் அடங்கின. இளஞ்செழியன் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். புத்தம்புதுப் பெரிய லாரி ஒன்றைத் தருகிறேன் என்றார். இழுவைக்குக் குறைவில்லை, வேகத்துக்கும் குறைவில்லை. படகின் இரண்டு பக்கமும் சங்கத்தின் பெயர் இருக்கவேண்டும். அதற்குக் கிளாரா சரி என்றார். லாரி சங்க அலுவலகத்தில்தான் நிற்கும். அதற்கும் சரி. சாவி மேனேஜரிடம் இருக்கும். தேவைப்படும்போது இளஞ்செழியனுக்குப் போன் செய்தால், அவர் மேனேஜரிடம் சொல்லுவார்.

“தலைவரே, தண்ணி வந்தா நான் மாடியில நிக்கிறவுகளத் தேடவா, ஒங்க மேனேஜரைத் தேடவா?”

“ஒரு ஒழுங்குமுறை வேணும்லம்மா. யாருக்கும் சாவியத் தூக்கிக் குடுத்துற முடியுமா?”

“முடியாது. அதனாலதான் வேணாங்கறேன்.”

“இத விட நல்ல வண்டி ஒங்களுக்குக் கிடைக்காது.”

“நல்ல வண்டிதான். அது நிக்கிற எடம் சரியில்ல.”

காபி குடிக்காமலே இளஞ்செழியன் எழுந்து போனார். ஜெரோம் அந்தக் காபியைக் குடித்தபடி, “கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம்” என்றார். “பதமாத்தான் சொன்னேன்” என்றார் கிளாரா. அவர் அளவில் அது உண்மை.

பொம்மையனின் வண்டியைப் பற்றிச் சொன்னதும் மோகன்குமார்தான். பொம்மையன் சிறுமலைக்காரர். ராணுவத்தில் கழித்து ஏலத்தில் விட்ட லாரி ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற வண்டி ஏறாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் பலாவும் இறக்கிக் கொண்டுவருபவர். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. அடிப்பாகம் தரையிலிருந்து நல்ல உயரத்தில் நிற்கும். முன்பக்கம் இரும்புக் கயிறு சுருட்டும் உருளை. பச்சைப் பெயிண்ட் உரிந்து, அதன்மேல் நீலம் அடித்து அதுவும் உரிந்து, என்ன நிறம் என்று சொல்லமுடியாது. கிளம்பினால் போடும் சத்தத்தில் சாலையோர நாய்கள் எழுந்து இடம் மாறிப் படுக்கும்.

கிளாரா மலைக்குப் போனார். பொம்மையன் தார்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வண்டி விலைக்கு இல்லை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். “இத வித்துப்புட்டு நான் என்னத்தச் செய்ய?”

“விக்க வேணாம்ணே. கீழ எறங்குறீகல்ல, கூட வாரேன். செத்த நேரம் பக்கத்துல உக்காந்துக்கிறேன். அம்புட்டுத்தான்.”

லோடு நிறைந்த வண்டி மலைச்சாலையில் இறங்கியது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் சாலை அது. ஒரு வளைவில் எதிரே பேருந்து வந்தது. இன்னொன்றில் மேலிருந்து கல் உருண்டு கிடந்தது. அடிவாரம் வந்து வண்டி நின்றபிறகுதான் கிளாரா கீழே குனிந்து பார்த்தார். வழிநெடுக அவர் வலது கால் ஒரு தடவைகூட எதையும் மிதிக்கவில்லை. வெயிலில் கிடக்கும் பூனை மாதிரி சும்மா கிடந்தது. தன் வாழ்நாளில் அடுத்தவர் ஓட்டிய வண்டியில் அப்படி நடந்ததே இல்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

“இதான் வண்டி. நீங்கதான் டிரைவர்” என்றார் பொம்மையனிடம்.

“எதுக்கும்மா?”

சொன்னார். படகு, டிரெய்லர், சேறு, லாரி மேல் சும்மா கிடந்த படகு, எல்லாம். மழைக்காலம் முழுவதும் வண்டி மலைக்குப் போகாமல் கீழேயே நிற்கவேண்டியிருக்கும்; மலையில் இருந்தால் போன் கிடைக்காது. அதனால் அவர் பிழைப்பு கெடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பொம்மையன் பீடியைப் பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்த மாடியில போய்ச் சேந்தாரே, ஒங்க அத்தான், என்ன சோலி பாத்தாரு?”

“வாழை வெவசாயம்.”

“வாழைக்காரரா?” பொம்மையன் திரும்பித் தன் வண்டியில் அடுக்கியிருந்த தார்களைப் பார்த்தார். “வண்டியத் தரமாட்டேன். கூப்புடுங்க, நானே வாரேன்.”

அந்த மழைக்காலத்தில் வண்டி படகுக்குப் பக்கத்தில் சும்மாவே நின்றது. ஐப்பசி போயிற்று. கார்த்திகையில் நாலு தூறல். மலைக்குப் போகாமல் ஊரிலேயே தங்கிக்கொண்ட பொம்மையன் தினமும் வந்து வண்டியைக் கிளப்பி, சுற்றி நடந்து பார்த்து, அணைத்துவிட்டுப் போவார். இளஞ்செழியனின் ஆட்கள் டீக்கடையில் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்கள். “என்ன மேடம், மழைக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பவா?” கிளாராவுக்கே ஒரு பயம் இருந்தது என்று ஜெரோம் சொன்னார். வெள்ளம் வரவில்லையே என்று வருத்தப்படுகிற மனுஷியாகிவிடுவோமோ என்ற பயம். “வராமலே போகட்டும் மாதாவே” என்று பூசையில் மனதார வேண்டிக்கொள்வாராம். ஆனால் வண்டியை மலைக்கு அனுப்பிவிடு என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை. “தை பொறக்கட்டும். அதுவரைக்கும் நிக்கட்டும்.”

மார்கழியில் கிழக்கே புயல்மழை. ஒரு பெரிய கண்மாய் உடைந்து கிராமம் ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது என்று ஒரு விடியற்காலையில் செய்தி வந்தது. கிளாரா சூசைக்குப் போன் போட்டார். பொம்மையன் டிரெய்லரை மாட்டிக்கொண்டிருந்தார். ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் ஏற்றிவிட்டுக் கிளாரா வண்டியில் கால் வைத்தபோது, உள்ளே ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. இஞ்ஞாசியம்மாள்.

“நீ எங்கக்கா கெளம்பிட்ட?”

“நீ படகைக் கொண்டுபோயி நிறுத்திருவ. மாடியில இருக்கிறவுக ஏறுவாகன்னு நினைக்கிறியா? மாட்டாக. வீட்ட விட்டு எறங்க மாட்டாக. ஒங்க அத்தான் மொத வந்த படகுல ஏறமாட்டேன்னுதான் நின்னாக. சின்னப் படகு, பிள்ளைக போகட்டும்னாக. அடுத்து வரும்னாக.” அவர் அதுவரை யாரிடமும் சொல்லாத செய்தி அது. “அங்க எப்படிக் கூப்புடணும்னு எனக்குத்தான் தெரியும். வண்டிய எடுக்கச் சொல்லு.”

தண்ணீரின் ஓரத்தில் காவல்துறைத் தடுப்பு. அதிகாரி ஒருவர் நனைந்த மழைக்கோட்டோடு ஓடிவந்தார். இந்தப் பழைய லாரியையும் பின்னால் ஒரு வீட்டு நீளப் படகையும் பார்த்து மலைத்துவிட்டார். “யாரும்மா நீங்க? எந்த டிபார்ட்மெண்ட்?”

“டிரைவிங் ஸ்கூல் சார்.”

“விளையாடுறீங்களா? மீட்புப் படகு வந்துக்கிட்டு இருக்கு. அதுவரைக்கும் யாரையும் உள்ள விடக்கூடாது.”

“வந்துக்கிட்டு இருக்கிற படகு வரட்டும் சார். வந்த படகு போகட்டும்.”

“உங்களுக்கு ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?”

“நான் சொல்றேன். இப்ப உள்ள இருக்கவுகளுக்கு ஏதாவது ஆனா யாரு சொல்லுவா?” குரல் உயரவில்லை. ஆனால் வண்டியை விட்டு இறங்கி, தடுப்பின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினார். அதிகாரி ஒரு கணம் பார்த்தார். பிறகு மறுமுனையை அவர் தூக்கினார். அந்த மனிதரைப் பற்றிக் கிளாரா இன்றுவரை மரியாதையாகத்தான் பேசுகிறார்.

சூசையும் அவர் கூட்டாளி ஒருவரும் முன்பே வந்து காத்திருந்தார்கள். பொம்மையன் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்கினார். கிளாரா முழங்காலளவுத் தண்ணீரில் பின்னால் நடந்துகொண்டே சாலை எங்கே இருக்கிறது என்று கம்பால் குத்திப் பார்த்துக் கைகாட்டினார். “வாங்கண்ணே... வாங்க... இடது... நிப்பாட்டு!” வண்டி நின்றது. சேற்றிலும் நின்றது. டிரெய்லர் மூழ்கியது. படகு தயங்கி, ஆடி, தானாகத் தலையைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. ஒரு கிரேன் இல்லை, ஒரு கூட்டம் இல்லை. சூசை எஞ்சினைக் கிளப்பினார்.

இஞ்ஞாசியம்மாள் சொன்னதுதான் நடந்தது. முதல் வீட்டு மாடியில் ஒரு வயதான தம்பதி இறங்க மறுத்தார்கள். வீட்டுக்குள் நெல் இருக்கிறது, கன்றுக்குட்டியை மாடிப்படியில் கட்டியிருக்கிறோம், தண்ணீர் வடிந்துவிடும், இளசுகளைக் கூட்டிப்போங்கள் என்றார்கள். சூசை கெஞ்சிப் பார்த்தார். இஞ்ஞாசியம்மாள் படகில் எழுந்து நின்று அந்தக் கிழவரைப் பார்த்துச் சொன்னார்: “அய்யா, எங்க வீட்டுக்காரரும் இதேதான் சொன்னாரு. என் மடியிலேயே போயிட்டாரு. அந்தம்மா மடியப் பாருங்க. அவுகளும் என்ன மாதிரி ஒங்க தலைய அதுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

கிழவர் மனைவியைப் பார்த்தார். பிறகு இறங்கினார். கன்றுக்குட்டியையும் ஏற்றிக்கொண்டார்கள். பெரிய படகு, இடம் இருந்தது.

பகல் முழுக்கப் படகு போய்ப்போய் வந்தது. கரைக்கு வந்தவர்களைப் பொம்மையன் லாரியின் முதுகில் ஏற்றி, சிறிய வண்டி ஏதும் போகமுடியாத சாலையில் முகாம்வரை கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்தார். மத்தியானம் அரசு மீட்புப் படகுகளும் வந்து சேர்ந்துகொண்டன. ஒரு தெருவில் சுவர் இடிந்து ஒருவர் முன்னமே இறந்திருந்தார். அவரைச் சூசை போர்த்திக் கொண்டுவந்தார். மற்றவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

இதெல்லாம் எனக்குச் சூசையும் பொம்மையனும் இஞ்ஞாசியம்மாளும் சொன்னது. கிளாராவிடம் கேட்டால், “போனோம், வந்தோம்” என்று முடித்துவிடுவார். நான் கண்ணால் பார்த்தது அவர்கள் திரும்பி வந்த சாயங்காலத்தை மட்டும்தான்.

புறவழிச் சாலையில், ஊருக்குள் திரும்புகிற இடத்தில், இளஞ்செழியன் சங்கத்துக்காரர்களோடு காத்திருந்தார். மேளம் ஏற்பாடு செய்திருந்தார். கேமராக்காரர்களும் வந்திருந்தார்கள். மங்கலான வெளிச்சம், தூறல் வேறு. அந்தப் பழைய லாரி தன் சத்தத்தோடு வந்து நின்றது. படகும் டிரெய்லரும் அடையாளம் தெரியாமல் சேறு. இஞ்ஞாசியம்மாள் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கிளாரா இறங்கினார். வெறுங்கால், கணுக்கால்வரை காய்ந்த மண்.

இளஞ்செழியன் கைகூப்பிவிட்டு, சரிகைக்கரை போட்ட பொன்னாடையை விரித்து அவர் தோளில் போர்த்தினார். “மேடம், ஊருக்கே பெருமை தேடித் தந்துட்டீக” என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். “அப்படியே செத்த இங்கிட்டுத் திரும்புங்கம்மா, சங்க பேனர் தெரியட்டும்” என்றார் கேமராக்காரர். சங்கத்துக்காரர்கள் இருபுறமும் வந்து நெருக்கி நின்றார்கள்.

கிளாரா திரும்பினார். ஆனால் பேனர் பக்கம் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரெய்லரின் பின்பக்கம் போனார். நான்குவழிச் சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டபடி சீறிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் பட்டால் மின்னி எச்சரிக்கிற, டிரெய்லரின் சிவப்பு ஒளிவில்லைகள் இரண்டும் சேற்றில் மறைந்து கிடந்தன. தோளிலிருந்து பொன்னாடையை உருவி, சரிகைப் பக்கத்தை உள்ளே மடித்துச் சுருட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடதுபக்க வில்லையை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். சேறு போய்ச் சிவப்பு தெரிந்ததும், எழுந்து வலதுபக்கத்துக்குப் போனார்.